சிரிக்கும் நாய்க்கு நேர் எதிரே

டன்னிங் தெருவில் வரிசையாக நின்ற ஏழு வீட்டுவண்டிகளுள், வாசலில் கால்மிதி விரித்திருந்த ஒரே வண்டி வெர்னா ஹாகனுடையது. கால்மிதியில் 'நல்வரவு' என்று எழுதியிருந்தது. ஆயினும் அதை மிதித்து ஏற வந்தவர்களை அவள் பார்த்த பார்வையில் அந்த வரவேற்பின் சாயல் சிறிதும் தென்பட்டதில்லை. சன்னல்களுக்குப் பின்னல் திரைகள், படியின் இருபுறமும் ஜெரேனியம் பூந்தொட்டிகள், கூரை விளிம்பில் காற்றுக்குக் கிணுகிணுக்கும் மணிச்சரம் ஆகிய இவ்வளவும் நடைபாதையில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் மக்கள் நடந்துகொள்ளலாம் என்று அவள் அனுமதித்திருந்தாள்.

அறுபத்து மூன்று வயதான வெர்னா, ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள். தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை வரிசைப்படி காத்திருக்கச் செய்வதே அவளது தொழில். பின்னர் மருத்துவர் ஓய்வு பெற்றார். வீட்டு வாடகை மட்டும் ஓய்வு பெறாமல் ஏறிக்கொண்டே சென்றது. பிறந்து வளர்ந்த சியாட்டில் நகரத்தில் அவளுக்கென்று எஞ்சியது, காலஞ்சென்ற கணவன் மீன்பிடிக்கப் போவதற்காக வாங்கிவைத்த இந்த வண்டி ஒன்றுதான். அதனை அவள் ஒருநாளும் வண்டி என்று சொன்னதில்லை. 'என் வீடு' என்பாள். மற்ற ஆறையும் 'வண்டிகள்' என்பாள்.

தெருவில் எந்த வண்டியும் மூன்று நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கலாகாது என்பது அந்நகரத்தின் சட்டம். ஆதலால் மூன்று நாளுக்கொரு காலையில் டன்னிங் தெரு முழுவதும் ஓரிடம் முன்னே நகரும். தலைவண்டி மட்டும் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து வாலில் சேரும். இயந்திரம் இயங்காத வண்டிகளைக் கர்ட்டிஸ் பெலோட் தன் பழைய டிரக்கில் சங்கிலி பூட்டி இழுத்துவிடுவான். அலாஸ்காவில் நண்டுப் படகில் வேலை செய்து முதுகை முறித்துக்கொண்டு வந்தவன் அவன். வாய்க்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை. இந்த நகர்வு முழுவதும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல் நடந்தாகவேண்டும். இடையில் ஒரு வெற்றிடம் விழுந்தால் அதோடு தீர்ந்தது.

ஏனெனில் அவர்கள் நின்ற இடம், 'பட்டுப் பாதம்' என்னும் நாய்கள் தங்கும் விடுதியின் பக்கச்சுவர் ஓரம். அவ்விடுதியில் நாய்க்கு ஓர் அறை. அறைக்கு ஒரு தொலைக்காட்சி. தொலைக்காட்சியில் நாள் முழுவதும் அணில். குளிர்காலத்தில் பாதம் சில்லிடாதிருக்கத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய். முன்கண்ணாடியில், 'எல்லா உயிர்களும் இங்கே வரவேற்கப்படுகின்றன' என்று வானவில் நிறத்தில் எழுதியிருந்தார் உரிமையாளர் பிரெஸ்டன். அதே பிரெஸ்டன், விடுதியின் பின்முற்றத்தில் கான்கிரீட் பாளங்களை அடுக்கிவைத்து, அருகே ஒரு ஃபோர்க்லிஃப்டையும் நிறுத்தியிருந்தார். தெருவோரத்தில் ஒரு வண்டியின் இடம் காலியானால், காப்பி ஆறுவதற்குள் அங்கே ஒரு பாளம் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பின் அங்கே எவரும் நிற்க இயலாது. ஒரு காலத்தில் பதினோரு வண்டிகள் நின்ற தெரு அது. இடம் இழந்தவர்கள் வேறு தெருக்களைத் தேடிப் போனார்கள். அங்கும் பாளங்களே அவர்களை எதிர்கொண்டன. இறுதியில் இழுவை வண்டி அவர்களைக் கண்டுபிடித்தது. இழுத்துச் செல்லப்பட்ட வீட்டுவண்டி நசுக்கப்பட்டுத் தகரமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இவ்வாறிருக்க, வெர்னாவின் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர், ஸ்போக்கேனில் உள்ள மகள் வீட்டுக்கு ஒரு வியாழக்கிழமை காலை புறப்பட்டுப் போனார். அவரது வண்டி தெருமுனையில் திரும்புமுன்பே வெர்னா இரண்டு மடக்கு நாற்காலிகளையும் ஒரு மேசையையும் அவ்விடத்தில் பரப்பி, நடுவில் தானும் அமர்ந்துகொண்டாள். பாளம் ஏந்தி வந்த ஃபோர்க்லிஃப்ட், பின்னல் சட்டையோடு தேநீர் பருகும் மூதாட்டியின்மேல் அதை இறக்கத் துணியாமல் திரும்பிச் சென்றது. தெருவின் நலனுக்காகவே இதைச் செய்ததாக அவள் அனைவரிடமும் கூறினாள். உண்மையில், அவ்விடத்தைத் தன் வீட்டுக்கு ஒரு முற்றமாக ஆக்கிக்கொள்ளலாம் என்பதே அவளது திட்டம். எந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பதைக்கூட முடிவு செய்திருந்தாள்.

நண்பகலில் அவள் கழிவறைக்குச் சென்று திரும்பியபோது, நாற்காலிகள் இரண்டும் மேசையும் நடைபாதையில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. முற்றத்தில் ஒரு வீட்டுவண்டி நின்றது. அதன் பின்புறம் பிரித்துப்போட்ட மிதிவண்டிகள். பக்கவாட்டில் படபடவென்று ஜெனரேட்டர்.

"மன்னிச்சுக்குங்க மேடம். உங்க நாற்காலி நனையப்போகுதேன்னு ஓரமா எடுத்து வெச்சேன்," என்று கிரீஸ் படிந்த கையைச் சட்டையில் துடைத்தபடி ஓர் இளைஞன் இறங்கி வந்தான். "என் பேரு ராண்டல். ராண்டல் கீம்."

"இது காலி இடம் இல்ல," என்றாள் வெர்னா.

"தெரியும் மேடம். இப்ப நான் இருக்கேன்ல," என்றான் அவன், எவ்விதக் குறும்பும் இன்றி.

அன்று மாலையே வெர்னாவின் பந்தற்சீலைக்கு அடியில் தெருக்கூட்டம் கூடியது. கூட்டம் என்பது பெரும்பாலும் வெர்னா, கர்ட்டிஸ், ஓஃபீலியா கண்டாரா ஆகிய மூவரே. மற்றவர்கள் சூப் கொடுத்தால் வருவார்கள். அன்று சூப் இல்லை. ஓஃபீலியா 'பட்டுப் பாதம்' விடுதியில் நாய்களைக் குளிப்பாட்டும் வேலை பார்த்தாள். நாய்களுக்கு லாவெண்டர் வெந்நீர். அவளுக்கோ வாரம் இருமுறை உடற்பயிற்சிக் கூடத்தின் பொதுக் குளியலறை. நாய்களின் வாசனை தன்னிடம் வருவதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. அதுவே தன்னிடமுள்ளவற்றில் விலையுயர்ந்தது என்பாள்.

"அவன் யாரு, என்னன்னு ஒண்ணும் தெரியாது," என்று வெர்னா தொடங்கினாள்.

"டகோமாக்காரனாம். சைக்கிள் ரிப்பேர் பண்றானாம். கேட்டேன்," என்றான் கர்ட்டிஸ்.

"அதான் சொல்றேன். வெளியூர்."

"நானே அலாஸ்காலேருந்து வந்தவன்தான், தலைவரே."

"நீ வந்து நாலு வருஷம் ஆச்சு. நீ இந்தத் தெருக்காரன்."

ஓஃபீலியா கையிலிருந்த தமாலே என்னும் மாவுப் பண்டத்தின் சோளமடலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "நாலு வருஷம் ரோட்டுல நின்னா ஊர்க்காரங்க ஆயிடலாமா? இது தெரியாம எங்கம்மா பாவம், குடியுரிமைக்கு எத்தன ஆபீஸ் ஏறி இறங்கினாங்க."

"கேலி பண்ணாத. ராத்திரியெல்லாம் சத்தம். நடைபாதைய அடைச்சு சாமான். ஒரு நாத்தம் வேற. இப்படியே விட்டா நம்ம தெருவோட மதிப்பு என்னத்துக்கு ஆகும்?"

"இத அப்படியே எங்க முதலாளி சொல்லிக் கேட்டிருக்கேன், டோன்யா வெர்னா," என்றாள் ஓஃபீலியா. தன் தாய்மொழியில் சீமாட்டிகளை அழைக்கும் அந்தச் சொல்லை அவள் வெர்னாவிடம் மட்டுமே பயன்படுத்துவாள். "நம்மளப் பத்தி."

"அது வேற. அந்த ஆளுக்கு நம்மளத் தெரியாது. தெரியாம பேசறாரு."

"உங்களுக்கு ராண்டலத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்க விரும்பல."

கர்ட்டிஸ் காலை நீட்டி முதுகைப் பிடித்துக்கொண்டான். "இங்க பாரு தலைவரே. அவனத் திட்டு. அவன் சைக்கிள எடுத்துக் கடல்ல போடு, நானே தூக்கித் தரேன். ஆனா நகராட்சிக்கு மட்டும் யாரும் போன் போடக்கூடாது. அவங்களக் கூப்பிட்டா ஒருத்தனப் பாக்க வந்துட்டு தெருவையே பாத்துட்டுப் போவாங்க. அத செஞ்சவங்க யாரா இருந்தாலும் அவங்க வண்டிய நான் இழுத்து விடமாட்டேன், அவங்க மூஞ்சியிலயும் முழிக்கமாட்டேன்."

"அந்தப் புத்தி இங்க யாருக்கு இருக்கு," என்றாள் வெர்னா, மிகவும் புண்பட்டவளாக.

மறுநாள் காலை துணி வெளுக்கும் கடைக்குச் சென்று, போர்வைகளை இயந்திரத்திலிட்டு, அதன் இரைச்சல் தன் குரலை மறைக்கும் மூலையில் நின்றுகொண்டு அவள் நகராட்சியின் புகார்ப் பிரிவை அழைத்தாள். இளம்பெண் ஒருத்தியின் குரல் கேட்டது. வரவேற்பறைக் குரல், வெர்னாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"நான் டன்னிங் தெருவுல ரொம்ப வருஷமா குடியிருக்கேன்," என்றாள். "எங்க வீட்டு வாசல்ல ஒரு பெரிய வண்டி வந்து நிக்குது. அதுக்குள்ளயே ஆள் தங்கியிருக்கான்."

"அச்சச்சோ. கஷ்டம்தான் மேடம். என்ன மாதிரி தொந்தரவு?"

"நடைபாதைய ஆக்கிரமிச்சு வெச்சிருக்கான். ஓயாத சத்தம். ஒரு மாதிரி வாடை. பொதுவா அந்த இடத்தோட கண்ணியத்துக்கே பங்கம்." சற்று நிறுத்தினாள். இவையெல்லாம் பல்வலிபோல் காத்திருக்க வைக்கத்தக்க தொல்லைகளே என்பது அவளது தொழிலறிவுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சேர்த்துச் சொன்னாள்: "வண்டி ஓடற வண்டியே இல்ல. செத்த இன்ஜின்."

"ஓடாத வண்டின்னா சீக்கிரமே இழுத்துடுவாங்க மேடம். நம்பர் பாத்தீங்களா?"

"நான் அதுகிட்டல்லாம் போறதில்ல."

"சரி, பரவால்ல. எந்த நிறம்?"

"வெள்ளை. பக்கவாட்டுல பழுப்புக் கோடு."

"எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் சரியா சொல்லிடுங்க."

"நாய் விடுதிச் சுவர்ல ஒரு நாய் சிரிக்கற மாதிரி பெருசா படம் வரைஞ்சிருக்கு. அதுக்கு நேர் எதிரே."

"ரொம்பத் தெளிவா சொல்றீங்க. உங்கள மாதிரி வீட்டுக்காரங்க கூப்பிட்டுச் சொன்னாத்தான் மேடம் எங்களுக்கே தெரியுது."

வீட்டுக்காரங்க. அச்சொல்லை அவள் திருத்தவில்லை. உலர்த்தியிலிருந்து எடுத்த போர்வைபோல் அது அவள்மேல் வெதுவெதுப்பாகப் படர்ந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. பெருமிதத்தில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். வீட்டுக்காரர்கள் இடத்தைச் சொல்லிப் புகார் செய்யலாம்; ஏனெனில் அவர்களுடைய தெருவில் இடத்தோடு பொருளும் அங்கேயே இருக்கும். டன்னிங் தெருவிலோ இடம் மட்டுமே நிற்கும். மற்றவை யாவும் நடக்கும்.

சனிக்கிழமை காலை தூறலுக்கிடையே தெரு ஓரிடம் நகர்ந்தது. ராண்டல் முன்னே போனான். வெர்னா அவன் விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஓஃபீலியாவின் வண்டியைக் கர்ட்டிஸ் சங்கிலியால் இழுத்து வெர்னாவுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். எங்கும் வெற்றிடம் விழவில்லை. தொட்டிகளை இறக்கி வைத்தபோது, இவ்விடத்தில் ஜெரேனியத்துக்கு வெளிச்சம் சற்று கூடுதலாகக் கிடைக்கிறது என்று வெர்னா மகிழ்ந்தாள். தலைக்குமேல் இரண்டு ஆள் உயரத்துக்கு அந்த நாய் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுப்பில் அவள் காட் மீனைப் பாலில் வேகவைத்துக்கொண்டிருக்கையில், மதியத்துக்குச் சற்று முன்பாக அதிகாரி வந்தார். ட்ருவாங் என்று சட்டையில் பெயர் பொறித்திருந்த, களைத்த முகமுள்ள நடுவயதுப் பெண். தெருமுனையில் இழுவை வண்டி ஒன்று இயந்திரத்தை அணைக்காமல் காத்திருந்தது. சன்னல் திரையை விலக்கிப் பார்த்த வெர்னா, கை கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டு, அடுத்த வீட்டுத் துயரத்தைக் காணப் போகிறவளின் முகபாவத்தோடு படியில் வந்து நின்றாள்.

ட்ருவாங் சுவரை அண்ணாந்து பார்த்தார். நாயைப் பார்த்தார். வெர்னாவின் வெள்ளை வண்டியில் ஓடிய பழுப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு வெர்னாவைப் பார்த்தார்.

"இது உங்க வண்டியா மேடம்?"

"வீடு," என்றாள் வெர்னா.

"இது மேல புகார் வந்திருக்கு."

அதற்குள் தெரு முழுவதும் கூடிவிட்டது. கர்ட்டிஸ் சங்கிலியைத் தோளில் போட்டபடி வந்தான். வேலைக்குப் புறப்பட்ட ஓஃபீலியா நின்றாள். கையில் மிதிவண்டிச் சக்கரத்தோடு ராண்டலும் வந்தான். ட்ருவாங் கைப்பேசியைத் தூரப் பிடித்து, புகாரைச் சத்தமாகப் படித்தார்.

"நடைபாதையை ஆக்கிரமிச்சிருக்காங்க." அவர் கண்கள் தொட்டிகளையும் மேசையையும் கால்மிதியையும் வரிசையாகத் தொட்டன. "ம். சரிதான்."

"அது பூந்தொட்டி," என்றாள் வெர்னா.

"ஓயாத சத்தம்." காற்று அந்நேரம் பார்த்து அடித்தது, மணிச்சரம் தன் கடமையைச் செய்தது. "ம். ஒரு மாதிரி வாடை." ட்ருவாங் மூக்கைச் சற்றே உயர்த்தினார்.

"காட் மீன் அது. எங்க பாட்டி காலத்துச் சமையல்."

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். எங்க வீட்ல மீன் சாஸ் பாட்டில் உடைஞ்சப்ப பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸையே கூப்பிட்டாங்க," என்று ட்ருவாங் தொடர்ந்தார். "அப்புறம், 'பொதுவா அந்த இடத்தோட கண்ணியத்துக்கே பங்கம்.' இப்படி வார்த்தை போட்டு யாரும் புகார் குடுக்கறதில்ல. ரொம்ப வருஷமா இங்கயே குடியிருக்கற வீட்டுக்காரங்களாம்."

ஓஃபீலியாவின் தலை மெல்லத் திரும்பி வெர்னாவின் முகத்தில் நின்றது.

"இந்தத் தெருவுல ஏது வீடு?" என்றான் கர்ட்டிஸ். "இது அந்த நாய் ஓட்டல்காரன் வேல. பாவி மனுஷன், இருக்கறதுலயே சுத்தமான வண்டியப் பாத்துப் போட்டுக் குடுத்திருக்கான். கண்ணியமாம், பங்கமாம். எந்த நாக்குல இதெல்லாம் வருதோ, அது அழுகிப் போகும்."

வெர்னா தன் நாக்கைப் பற்களுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"மேடம் பாவம், சார்," என்று ராண்டல் அதிகாரியிடம் சொன்னான், பின் திருத்திக்கொண்டான். "மேடம், இந்த மேடம் ரொம்ப நல்லவங்க. வந்த அன்னிக்கே எனக்கு இடம் புடிச்சு வெச்சிருந்தாங்க. நாற்காலி போட்டு."

இவ்வளவு நேரமும் வெர்னாவின் தொண்டையில் ஒரே ஒரு வாக்கியம் ஆயத்தமாக நின்றது: நான் சொன்னது என்னையல்ல, இவனை. அதைச் சொன்னால் வீடு தப்பும். ஆனால் சொன்ன மறுகணம் கர்ட்டிஸின் சங்கிலியும் தெருவின் முகமும் அவளுக்கு இல்லாமற் போகும். சொல்லாவிடில், முனையில் உறுமிக்கொண்டிருப்பது அவளுக்காகவே உறுமுகிறது. பல்லைப் பிடுங்குவதா, வலியோடு இருப்பதா என்று அந்த வரவேற்பறையில் எத்தனையோ பேர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவள் எல்லோரிடமும் 'உட்காருங்கள்' என்றே சொல்லியிருக்கிறாள்.

"மத்ததெல்லாம் விடுங்க," என்றார் ட்ருவாங். "கடைசியா ஒண்ணு இருக்கு. வண்டி ஓடாத வண்டின்னு எழுதியிருக்கு. அதுக்குத்தான் இழுவை வண்டி கூடவே வந்திருக்கு."

"ஓடும்," என்றாள் வெர்னா. "யாரு சொன்னது ஓடாதுன்னு. காலைலதான் ஓட்டினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. நான் பின்னாடியே வரேன். ஓடுச்சுன்னா புகார மூடிட்டுப் போயிட்டே இருக்கேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் தெரு முழுவதும் ஒருசேரப் பின்முற்றத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே ஃபோர்க்லிஃப்டின் இருக்கையில் ஆள் ஏறிவிட்டிருந்தான். அதன் இரும்புக் கைகளின்மேல் பாளம் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருந்தது.

"நான் வெளிய எடுத்தா இடம் போயிடும்," என்றாள் வெர்னா தாழ்ந்த குரலில்.

"பின்னாடி இருக்கறது ஓஃபீலியா வண்டி. அத சங்கிலி மாட்டி இழுக்கறதுக்குள்ள அவன் கல்ல இறக்கிடுவான்," என்று கர்ட்டிஸ் முணுமுணுத்தான். "நீ போ தலைவரே. ஏதாவது பண்றோம்."

"என்ன பண்ணுவ?"

"அதான் ஏதாவதுன்னு சொன்னேன்ல."

அவள் தொட்டிகளை நடைபாதையில் விட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, மீன் பாத்திரத்தைக் கழுவுதொட்டிக்குள் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். வண்டி இருமுறை இருமி மூன்றாம் முறை உயிர் பெற்றது. தெருவைச் சுற்றிவர வழக்கமாகப் பிடிப்பது சொற்ப நேரமே. ஆனால் பாலத்தருகே விளக்கு சிவந்து நின்றபோது, படகு கடப்பதற்காகப் பாலமும் திறந்துகொண்டது. ஒரு செல்வந்தரின் பாய்மரப் படகு, எவ்வித அவசரமும் இன்றி, அவளது வாழ்வின் குறுக்கே மிதந்து சென்றது. கண்ணாடியில் ட்ருவாங்கின் சிறிய கார் தெரிந்தது. இந்த நகரத்தில் தன் கால்மிதியை விரிப்பதற்கு இனி ஓர் அடி நிலம்கூட இல்லாமற் போகலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுமையாக உறைத்தது.

முனையில் திரும்பியதும் ட்ருவாங் சன்னல் வழியே கையசைத்துவிட்டு நேரே போய்விட்டார். இழுவை வண்டியும் அவரைப் பின்தொடர்ந்தது. புகார் மூடப்பட்டது.

தெருவில் சிரிக்கும் நாய்க்கு நேர் எதிரே பாளம் இல்லை. ராண்டலின் வண்டி நின்றது. ஃபோர்க்லிஃப்ட் அசைந்த மாத்திரத்தில் அவன் ஓடிச்சென்று தன் வண்டியைப் பின்னோக்கி எடுத்து, வெர்னாவின் இடத்தை அடைத்திருந்தான். அவசரத்தில் ஒரு பூந்தொட்டி நசுங்கிப்போயிருந்தது. ஆனால் பாளம் எங்கும் போய்விடவில்லை. ராண்டல் விட்ட இடத்தில் அது வெண்மையாகவும் சதுரமாகவும், பிறந்ததிலிருந்தே அங்கிருப்பதுபோல் வீற்றிருந்தது.

"தொட்டிக்கு மன்னிச்சுக்குங்க மேடம்," என்றான் ராண்டல் சன்னலிலிருந்து. "ஒரு நிமிஷம். நான் எடுத்துடறேன். நீங்க உடனே உள்ள வந்துடுங்க. அடுத்த கல்லுக்குப் போயிருக்கான் அவன்."

"நீ எங்க போவ?" என்று கேட்டது வெர்னா அல்ல, கர்ட்டிஸ்.

"பாப்போம். இது மேடத்தோட இடம்ல."

இருக்கட்டும், நீயே இரு, என்று சொல்வதற்கு வெர்னாவுக்குப் போதிய நேரம் இருந்தது. வாயைத் திறந்தாள். அச்சமயம் பின்முற்றத்தில் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும் 'பீப் பீப்' ஓசை கேட்டது. அவளது கால் தானாகவே முடுக்கியை மிதித்தது. ராண்டல் வெளியேறிய வெதுவெதுப்பு ஆறுமுன் அவள் உள்ளே நுழைந்து நின்றாள். அவன் ஒருமுறை ஒலிப்பானை அழுத்திவிட்டு, பின்புறத்தில் மிதிவண்டிகள் கலகலக்கத் தெற்கு நோக்கிப் போனான். அவள் புகாரில் வேண்டிக்கொண்டது வேண்டியவாறே நிறைவேறியது.

அன்று பிற்பகல் கர்ட்டிஸ் 'பட்டுப் பாதம்' விடுதியின் முன்கண்ணாடிக்கு எதிரே நின்றுகொண்டு பிரெஸ்டனை நெடுநேரம் ஏசினான். 'நான் கூப்பிடவே இல்லை, இந்த ஒரு தடவை சத்தியமாக நான் கூப்பிடவில்லை' என்று பிரெஸ்டன் வானவில் எழுத்துகளுக்குப் பின்னாலிருந்து கைகூப்பினார். அவர் உண்மை பேசிய அரிய தருணம் அது. ஆதலால் ஒருவரும் நம்பவில்லை. மாலையில் சூப் இருந்தது. அனைவரும் வந்தார்கள். ஆனால் பேச்செல்லாம் ராண்டலைப் பற்றியே இருந்தது.

"மூணு நாள் பழக்கம். ஆனா என்ன மனசு பாரு," என்றான் கர்ட்டிஸ். "என் டிரக்கு டயருக்குக் காத்து அடிச்சுக் குடுத்தான். கேக்கவே இல்ல நான்."

"எனக்கு வேலைக்குப் போக ஒரு சைக்கிள் சேத்துத் தரேன்னான்," என்றாள் ஓஃபீலியா. "சும்மாவே. பின்னாடி கூடை வெச்சு." பின் கிண்ணத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "அந்தப் புகார் குடுத்தவங்க யாரோ, நல்லாப் படிச்சவங்க. எனக்கெல்லாம் கண்ணியத்துக்குப் பங்கம்னு சொல்லவே வாய் வராது. இல்லியா, டோன்யா வெர்னா?"

"சூப் ஆறுது," என்றாள் வெர்னா.

ஓஃபீலியா கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். பாதி சூப் மீதமிருந்தது.

திங்கட்கிழமை வெர்னா மீண்டும் துணி வெளுக்கும் கடைக்குச் சென்றாள். இம்முறை போர்வை எடுத்துச் செல்லவில்லை. காலி இயந்திரம் ஒன்றின் அருகே நின்றுகொண்டு அழைத்தாள். பாளம் எடுபட்டால் அவ்விடம் திறக்கும். திறந்தால் கர்ட்டிஸ் போய் ராண்டலைத் தேடி அழைத்துவந்து விடுவான். யாருக்கும் எதையும் சொல்லவேண்டிய அவசியமே இராது. அதே இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"டன்னிங் தெருதானே மேடம்? ஞாபகம் இருக்கு. வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு. இப்ப இது வேற. அந்த இடத்துக்குப் பக்கத்துல தெருவுலயே ஒரு பெரிய கான்கிரீட் பாளத்தக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. அனுமதி கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாளையோட மூணு நாள் ஆகப்போகுது. நகரவே இல்ல."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது.

"மூணு நாள் சட்டம் வண்டிக்குத்தான் மேடம். சக்கரம் இல்லாததுக்கு அது பொருந்தாது."

"அப்ப அது அங்கயே இருக்கலாமா?"

"யாராவது வந்து பாக்கணும்னா எழுதி வெக்கறேன். ஆனா வரிசை ரொம்பப் பெருசு, நீங்க காத்திருக்கணும்." குரல் சிறிது தாழ்ந்து நட்போடு ஒலித்தது. "நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க மேடம். அது உங்க வாசல் பக்கத்துலதானே இருக்கு? இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே அந்த மாதிரி ஆளுங்க யாரும் உங்க வீட்டு முன்னாடி வந்து நிக்க முடியாதே."

வெர்னா நன்றி சொன்னாள்.